விசையில் மணல்

"உள்ள யாரோ மணல் அரைக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஹார்லன் தன் கைத்துப்பாக்கியைக் கவுண்டர் மேல் வைத்தார்.

போன வாரம்தான் வாங்கினார். யாரோ வைத்திருந்து விற்ற பழைய துப்பாக்கி. விசையை இழுத்தால் சீராக வராமல் நறநறவென்று தடுக்கித் தடுக்கி வந்தது.

சனிக்கிழமை மாவட்டத் துப்பாக்கிச் சுடும் போட்டி. ஊர் அணியின் முதல் ஆள் ஹார்லன். அவர் சுடவில்லையென்றால் அந்த இடம் மருமகன் கிளேட்டனுக்கு. சென்ற போட்டியில் அவருடைய குறிகள் பலகை முழுக்கச் சிதறியபோது துப்பாக்கியைக் குறை சொல்லி, அதை விற்றுவிட்டு இதை வாங்கியிருந்தார். இதையும் குறை சொல்ல வேண்டி வந்தால் ஊர் சிரிக்கும்.

நெப்ராஸ்காவில் துப்பாக்கிக் கடைகளில் காப்பி இலவசம். கருத்து அதைவிட இலவசம். கடைக்காரி லவோன்தான் பழுதும் பார்ப்பாள். அவளுக்குப் பேச்சு குறைவு. அந்தக் குறையைக் காப்பிப் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த நிபுணர்கள் தீர்த்துவைத்தார்கள்.

முதலில் டுவேன் எழுந்தார். மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்பதைத் தானும் பார்த்து, ஹார்லனுக்கும் காட்டிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த மான் தலையைக் குறிவைத்தார். அந்த மான் காட்டில் ஒரே ஒரு முறைதான் செத்தது. கடைக்கு வந்த பிறகு தினமும் செத்தது.

கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தார். நாடி பார்க்கிற வைத்தியர் தோற்றுப்போவார்.

"உள்ள விசையைப் பிடிக்கிற கொக்கியில பிசிறு இருக்கு. பட்டாளத்துல நான் பார்க்காததா?"

பட்டாளத்தில் அவர் உருளைக்கிழங்கு உரித்தார். ஆனாலும் பட்டாளம் பட்டாளம்தானே.

ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர் மெர்ல் துப்பாக்கியைப் பிடுங்கினார். "பிசிறாவது ஒண்ணாவது. முன்னாடி வச்சிருந்தவன் எண்ணெயைக் கொட்டி ஊறப்போட்டிருக்கான். அது காஞ்சு பிசினாயிடுச்சு. விரல்ல ஒட்டுதே, தெரியலையா?"

"உன் விரல்ல ஒட்டுறது டோனட்டு சர்க்கரை" என்றார் டுவேன்.

கடைசியாகத் துப்பாக்கி, கூடவே வந்திருந்த கிளேட்டனிடம் வந்தது. முப்பதைத் தாண்டியவன், மாமனார் முன்னால் மட்டும் இன்னும் பெண் கேட்க வந்தவன் போலவே நிற்பான். இழுத்தான். இன்னொரு முறையும் இழுத்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே சார். நல்லாத்தானே வருது?"

தேவாலயத்தில் எவனோ ஏப்பம் விட்டதுபோல எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"அது புரியணும்னா விரலுக்குக் கொஞ்சம் வயசாகணும், மாப்ள" என்றார் ஹார்லன்.

நிபுணர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். கிளேட்டனின் காது சிவந்தது.

லவோன் துப்பாக்கியை வாங்கித் தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். "கொஞ்சம் பொறுங்க" என்று பின்னறைக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்தவள் துப்பாக்கியை டுவேனிடம் நீட்டினாள்.

"அடேயப்பா, வாழைப்பழத்துல ஊசி இறங்குற மாதிரில்ல இருக்கு" என்றார் டுவேன். "பிசிறை எடுத்துட்டா."

"பிசினைக் கழுவிட்டா" என்றார் மெர்ல், தானும் இழுத்துப் பார்த்துவிட்டு. "நான்தான் அப்பவே சொன்னேனே."

ஹார்லன் மானைக் குறிவைத்து இழுத்தார்.

நறநற.

இன்னொரு முறை. அதே நறநற.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடியைச் சோதிப்பவர்போலத் துப்பாக்கியை இடது கைக்கு மாற்றி இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி வலது கையால் இழுத்தார். நறநற.

மணல் இரும்பில் இல்லை. அவருடைய ஆள்காட்டி விரலின் கணுவில் இருந்தது.



"ரொம்ப லேசாப் போச்சு" என்றார் கடைசியில், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "இவ்வளவு லேசா இருந்தா என்னை மாதிரி ஆளுக்கு ஒத்துவராது. மாப்ள, இதை நீ வச்சுக்க. சனிக்கிழமை நீயே சுடு."

"நெசமாவா சார்?"

"வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காம வாங்கிக்க."

கிளேட்டன் அதைப் பிறந்த குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"லவோன் எப்பவும் ஒரு இழுப்பு கூடத்தான் தேய்ப்பா" என்று டுவேன் தீர்ப்புச் சொன்னார். மெர்ல் முதல் முறையாக அவரோடு ஒத்துப்போனார்.

அவர்கள் காப்பி ஊற்றிக்கொள்ளத் திரும்பியதும் ஹார்லன் கவுண்டர் மேல் சாய்ந்தார். குரல் தணிந்திருந்தது.

"உள்ள என்னதான் இருந்துச்சு?"

"நான் கழட்டவே இல்ல, ஹார்லன். மத்தியானம் சாப்பிடலை. உள்ள போயி சாண்ட்விச்சைச் சாப்பிட்டுட்டு வந்தேன்."

ஹார்லன் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வெளிய சொல்லிடாத."

"எதை? விரலையா, சாண்ட்விச்சையா?"

காப்பிப் பாத்திரத்தருகே பிசிறா பிசினா என்ற சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. ஹார்லன் நண்பர்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார்.

"சாண்ட்விச்சை."