பத்தர் சொன்ன பொய்

"மனசாரத்தான் விக்கறியாம்மா? நல்லா யோசிச்சு சொல்லு."

அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. வந்ததுமே தன் பேரைச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகாதேவன்தான் முந்திக்கொண்டான்.

"மனசாரத்தாங்க. மோட்டார் ரிப்பேருக்குப் பணம் வேணும். அதுவும் பழங்காலத்து சங்கிலி, அவளுக்கே புடிக்கல. சீக்கிரம் எடை போடுங்க பத்தரே."

"உன்னை யாருப்பா கேட்டது?" என்றார் ஆதிமூலப் பத்தர்.

தேரடித் தெருவில் பழைய நகை வாங்கும் கடைகள் நாலைந்து உண்டு. அழுக்கு, சேதாரம் என்று சொல்லி எடையில் கை வைக்காத கடை பத்தருடையது ஒன்றுதான். ஆனால் அவரிடம் ஒரு கெடுபிடி. பெண்களின் நகையை ஆண் மட்டும் கொண்டுவந்தால் தொடமாட்டார். மனைவி நேரில் வரவேண்டும். தன் கழுத்திலிருந்து தானே கழற்றித் தரவேண்டும். பத்து வருஷத்துக்கு முன் ஒருத்தன் மனைவிக்குத் தெரியாமல் அவள் கம்மலைக் கொண்டுவந்து விற்றுவிட்டான். மறுநாள் அவள் கிணற்றில் விழுந்துவிட்டாள். அந்தப் பாவத்தில் தனக்கும் பங்கு உண்டென்று பத்தர் இன்றுவரை நம்புகிறார்.

"சரி, கழட்டும்மா."

அவள் பிடரிக்குக் கையைக் கொண்டுபோனாள். திருகு வரவில்லை. வலப்பக்கம் திருகினாள், இடப்பக்கம் திருகினாள். விரல்கள் நடுங்கின.

"எவ்ளோ நேரம்?" என்று சகாதேவன் பல்லைக் கடித்தான். அவள் ஒடுங்கிப் போனாள். கடைசியில் அவனே எட்டிக் கழற்றினான்.

பத்தர் அவளைப் பார்த்தார். பழகின திருகைக்கூடக் கழற்ற முடியாமல் ஒருத்தி நடுங்குகிறாள் என்றால் வீட்டில் என்ன பாடு படுகிறாளோ! தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி விற்பவர் பேரை எழுதிவைக்கும் நோட்டை எடுத்து விரித்தார்.

"பேரு இன்னாம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் "சரோஜா" என்றான் சகாதேவன். "ஊரு அடி அண்ணாமலை."

சொந்தப் பெயரைச் சொல்லக்கூட அவளுக்கு வாயில்லை. பத்தர் பேனாவை மூடினார்.

"சகாதேவா, முனையில வெத்தலக் கடை இருக்குது. ஒரு கவுளி வாங்கிட்டு வா. அதுக்குள்ள உரசிப் பாத்து வெக்கறேன்."

அவன் தயங்கினான். அவளை ஒரு முறை முறைத்துவிட்டு இறங்கிப் போனான்.

பத்தர் அந்த இரட்டைவடச் சங்கிலியை எடை போட்டு, உரைகல்லில் இழுத்தார். கோடு பளிச்சென்று விழுந்தது. நாலு சவரன், மாற்றுக் குறையாத தங்கம்.

"அம்மா, அவன் வர்றதுக்குள்ள சொல்லு. அப்பன் வீட்டு நகையா?"

அவள் தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"நான் வாங்கலன்னா வேற கடைக்கு இழுத்துக்கினு போவான். கவரிங்னு சொல்லிடட்டா? என் வார்த்தைய இந்த ஊர்ல யாரும் தட்டமாட்டாங்க."

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுங்கய்யா" என்றாள் மெதுவாக. "உங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கும்."

வெற்றிலையோடு சகாதேவன் படியேறினான். பத்தர் உரைகல்லைக் குப்புறத் திருப்பி வைத்தார். நாற்பது வருஷத் தொழிலில் நகை விஷயத்தில் பொய் சொன்னதில்லை. அண்ணாமலையாரே, பொறுத்துக்கொள்ளும் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

"இது கவரிங்பா. மேல முலாம், உள்ள செம்பு."

"இன்னா சொல்றீங்க?" சகாதேவன் முகம் வெளுத்தது. "நாலு சவரனுங்க! அந்தக் கல்லக் காட்டுங்க!"

பத்தர் கல்லின் மேல் கையை வைத்தார்.

"சந்தேகம் இருந்தா அடுத்த கடையில போய் நாலு பேர் எதிர்ல உரசிப் பாரு. உன் மாமனார் செம்பு போட்ட கதை ஊர் முழுக்கப் பரவட்டும்."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பத்தரின் சொல்லுக்கு மேல் என்ன இருக்கிறது?

"பன்னெண்டு வருஷமா அந்தக் கெழவன் என்னை ஏமாத்தியிருக்கானே!" என்று கத்தி, சங்கிலியை அவள் மடியில் விட்டெறிந்தான். "நீயே மாட்டிக்கினு அழு!"

திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

"அவன் கண்ல படாம பொறந்த வூட்டுக்குப் போய்டும்மா" என்று சொல்லி, பத்தர் கல்லாவிலிருந்து இரண்டு ரூபாயை எடுத்து பஸ்ஸுக்குக் கொடுத்தார். அவள் சங்கிலியை முந்தானையில் முடிந்துகொண்டு, கடைப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவன் போனதற்கு எதிர்த் திசையில் விறுவிறுவென்று நடந்தாள்.

பத்தர் நிம்மதியாக வெற்றிலை போட்டார். ஒரு பொய்யில் ஒரு பெண்ணைக் காப்பாற்றியாயிற்று. கிணற்றில் விழுந்தவள்கூடத் தன்னை மன்னித்துவிட்டாள் என்று தோன்றியது.

உச்சி வெயிலில் இன்னொரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். காலில் கழனிச் சேறு காயவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

"பத்தரே, ரெட்டைவடச் சங்கிலி விக்க யாருனா வந்தாங்களா? நாத்து நட்டுட்டு வந்து பாத்தா பொட்டி தெறந்து கிடக்குதுங்க. எங்கப்பா போட்டது."

பத்தரின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது.

"நீ யாரும்மா?"

"அடி அண்ணாமலை சகாதேவன் பொண்டாட்டி சரோஜாங்க. நான் நேர்ல வராம நீங்க தொடமாட்டீங்கன்ற தைரியத்துலதான் ஓடியாறேன்."