செவலைக்கு ஒரு சர்டிபிகேட்

"இன்னா சார், மாட்ட உள்ள வுடலாமா வாணாமா? நல்ல நேரம் போயிடப் போவுது."

மேடவாக்கத்தில் தரைத்தள ஃப்ளாட். கிரகப்பிரவேசம். பெரும்பாக்கத்திலிருந்து பசுவோடு வந்திருந்த கன்னியம்மாவை வாசலிலேயே மறித்து நின்றான் பத்ரி, வீட்டுக்காரர் ஜெயகிருஷ்ணனின் மச்சான்.

"மாட்டுக்கிட்டேருந்து மனுஷனுக்கு டி.பி. வரும்னு படிச்சேன். டெஸ்ட் எடுத்தீங்களா?"

"டேய், இன்னிக்குப் போய் அந்தப் பேச்சு எதுக்கு?" ஜெயகிருஷ்ணனுக்கு வியர்த்துவிட்டது.

கன்னியம்மா சுருக்குப் பையிலிருந்து லேமினேட் செய்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"போன மாசம் மாட்டு டாக்டர் ஊசி போட்டுப் பாத்தது. செவலைக்கு ஒண்ணும் இல்ல. ஜாதகம் மாதிரி கையோட வெச்சிகினு கீறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். செவலை படியில் கால் வைத்தது.

உள் அறையில் யாரோ இருமினார்கள்.

கன்னியம்மா கயிற்றை இழுத்துப் பிடித்தாள். "யாரது?"

"என் தங்கச்சி. ஏ.சி. ஒத்துக்கலை" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"இருமலே ஒரு மாதிரி கீது. என் மாட்டுக்குப் பேப்பர் கேட்டீங்க, குடுத்தேன். உங்க வூட்டுக்குப் பேப்பர் கீதா?"

"வாடகைக்கு மாடு ஓட்டிட்டு வந்து என்ன திமிரு!" என்றான் பத்ரி.

அறைக் கதவு திறந்தது. ஜீவிதா ஃபைலோடு வந்தாள். முதல் நாள் தோரணம் கட்டியவள் அவள்தான். விருந்தாளிகள் போகும்வரை வெளியே வராதே என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

"இருக்கு அக்கா. டி.பி.க்கு நாலு மாசமா மாத்திரை சாப்பிடறேன். சளி டெஸ்ட்ல இப்போ கிருமி இல்லை. இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார்."

பத்ரி இரண்டு அடி பின்னால் போனான். ஜெயகிருஷ்ணன் தரையைப் பார்த்தார்.

கன்னியம்மா ஃபைலில் தேதியைப் பார்த்தாள். கயிற்றை ஜீவிதாவின் கையில் கொடுத்தாள்.

"புடி. நீயே கூட்டிகினு போ. உங்கண்ணன் பின்னால வரட்டும்."

ஜீவிதா முன்னே நடந்தாள். செவலை அவள் தோளை முகர்ந்துகொண்டே கூடத்துக்குள் வந்து, புது டைல்ஸில் தாராளமாகக் கோமியம் விட்டது.

"நல்ல சகுனம்!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். பக்கெட் எடுக்க ஓடினவன் பத்ரி. ஜீவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். இருமல் வரவில்லை.

தரையைத் துடைத்துக்கொண்டே பத்ரி கேட்டான்: "ஏன்க்கா, யாரும் கேக்காம மாட்டுக்கு எதுக்கு டெஸ்ட் எடுத்தீங்க?"

"எனக்கு டி.பி. வந்து இப்பத்தான் மாத்திரை முடிஞ்சிது தம்பி. தெரியாம முன்னாடி இதுகூடவே கெடந்தேன். என்னால பாவம் இதுக்கு ஒட்டிகிச்சோன்னுதான்."