பெரியவர் நாற்காலியில் ஒரு துண்டு

அந்தத் தீவு நாட்டின் முதல் தலைவர், புயலில் சிக்கியவர்களை மீட்கப் படகேறிப் போய் நாற்பது வருடமாகிறது. சிக்கியவர்கள் அத்தனை பேரும் கரை சேர்ந்தார்கள்; அவர் மட்டும் வரவில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் வந்தால் நனைந்துதானே வருவார் என்று, அலுவலக உதவியாளர் அம்மா தினமும் அவர் நாற்காலியில் உலர்ந்த துண்டு வைப்பார். சாயங்காலம் அது ஈரமாக இருக்கும், பிழிந்து காயப்போடுவார். எந்தச் சட்டமும் அந்தப் பெரியவரின் மேசையில் ஒருநாள் இருந்த பிறகுதான் கையெழுத்தாகும்.

புதுத் தலைவர், மீட்புப் படகுகளை விற்கும் சட்டக் கோப்பை அங்கே வைத்தார். “சும்மா ஒரு சம்பிரதாயம்தானே?”

“வெச்சுட்டுப் போங்கய்யா. பெரியவர் பார்க்கட்டும்.”

சாயங்காலம் துண்டு காய்ந்தே இருந்தது. கோப்புதான் சொட்டிக்கொண்டிருந்தது, ஓர் எழுத்து மிச்சமில்லை. புதுத் தலைவர் நனைந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. துண்டை எடுத்து மேசையைத் தானே துடைத்தார்.

“நாளைக்கும் துண்டு வைங்கம்மா,” என்றார், நின்றபடியே.