முதல் வரியில் முருகன்

"தம்பி, ஓசிதானேன்னு ஓட்டை சிடிய என் தலையில கட்டிட்டீங்களா?"

கேட்டுக்கொண்டே வசந்தி அந்த சிபியுவை மேஜைமேல் வைத்தாள். லுங்கித் துணியில் மூட்டையாகக் கட்டி, பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரே திரும்பிப் பார்த்தது.

பாடம் நடத்தும் ஸ்கந்தகுமாருக்கு முகம் சுருங்கிவிட்டது. சி மொழியில் அடிக்கும் ப்ரோக்ராமைப் படித்து ஓட்டிக்காட்டும் கம்பைலர் சிடி அது, பத்திரிகையோடு இலவசமாக வந்தது. தன்னிடம் படிக்க வருகிறவள் வீட்டில் பழகக் கேட்டாளே என்று அவன்தான் எடுத்துக் கொடுத்திருந்தான்.

"அக்கா, அதே சிடியதான் இங்க எல்லா மெஷின்லயும் போட்டிருக்கேன். நல்லாத்தானே ஓடுது?"

"எங்க வீட்டு விண்டோஸ்ல ஓடலியே! எந்த ப்ரோக்ராம் அடிச்சாலும் மொத வரியில எரர், மொத வரியில எரர்னே சொல்லிகினு இருக்குது. புக்கைப் பாத்துத்தான் அடிக்கிறேன். திங்கக்கிழமை இந்தக் கோர்ஸ் பிராக்டிகல். கம்ப்யூட்டர் படிச்சே ஆகணும்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. இதுல ஃபெயிலானா ஸ்கூல்ல டீச்சர் வேலை போயிடும் தம்பி. அப்புறம் தறியிலதான் போய் உக்காரணும்."

சொல்லிக்கொண்டே மூட்டையை அவிழ்த்தாள்.

அவன் சிபியுவுக்கு மானிட்டரை மாட்டினான். ப்ரோக்ராமைத் திறந்தான். அடுத்த நொடி சிரித்தான்.

"என்னக்கா இது? மேல 'ஓம் முருகா'ன்னு அடிச்சு வெச்சிருக்கீங்க?"

"ஆங்... சாமி பேரைப் போட்டுத்தானே எதையும் ஆரம்பிக்கணும்? மளிகைச் சீட்டுக்கே போடறோம்."

"மளிகைக் கடைக்காரருக்கு முருகனைத் தெரியும். கம்பைலருக்குத் தெரியுமா? தெரியாத வார்த்தையப் பாத்தா எரர்னு கத்தத்தான் செய்யும்."

படிக்க வந்த பையன்கள், பெண்கள் எல்லோரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். வசந்திக்கு மானமே போய்விட்டது.

அவன் அந்த வரியை அழித்தான். ஓட்டினான். திரையில் விடை டக்கென்று வந்து நின்றது.

"பாத்தீங்களா? சாமி போனதும் ஓடுது!"

"அப்படியெல்லாம் பேசாதீங்க தம்பி. மலைக்குக் கீழயே உக்காந்துகினு அவர் பேரையே அழிக்கிறீங்களே! அவர் பேரு இல்லாம பரீட்சையில எனக்குக் கையே ஓடாது."

"அப்ப பரீட்சைக்கு முருகனையே அனுப்பி வைங்க. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கக்கா. எல்லா ப்ரோக்ராம்லயும் இதே கூத்துதான் இருக்கும். சரி பண்ணி வெக்கறேன்."

வெளியே டீக்கடை கோதண்டபாணிக்கு எல்லாமே காதில் விழுந்திருந்தது.

"அவன்கிட்டப் போயா சாமியப் பத்திப் பேசறே? அவங்கப்பா ஷண்முகசுந்தரம் மலைக்கோயில் மடப்பள்ளியில பொங்கல் கிண்டறாரு. பரம்பரை பரம்பரையா அதான் வேலை. இவன் இன்னாடான்னா, 'எனக்கு சாமியில நம்பிக்கை இல்ல, வரமாட்டேன்'னுட்டான். அப்பனும் புள்ளையும் பேசிக்கறதே இல்ல."

"அதானே பாத்தேன்! படிச்ச திமிரு" என்றாள் வசந்தி. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

சென்டருக்குத் திரும்பி, அவன் முகத்தைப் பார்க்காமலே சிபியுவை மூட்டை கட்டினாள். அவனும் தலையைத் தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் கம்ப்யூட்டரைப் போட்டாள். எல்லாவற்றிலும் சாமி பேரைத் திரும்ப அடித்துவிட வேண்டும், வேலை போனாலும் போகட்டும் என்று அப்படி ஒரு வீம்பு.

முதல் ப்ரோக்ராமைத் திறந்தாள்.

மேலே 'ஓம் முருகா' அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சாய்கோடும் ஒரு நட்சத்திரமும், முடிவில் ஒரு நட்சத்திரமும் ஒரு சாய்கோடும் புதிதாகச் சேர்ந்திருந்தன.

பயந்துகொண்டே ஓட்டினாள். எரரே வரவில்லை.

அடுத்ததைத் திறந்தாள். அதிலும் முருகன் இருந்தார். அதுவும் ஓடியது.

மறுபடி முதல் ப்ரோக்ராமுக்கு வந்தபோதுதான் கவனித்தாள். முருகனுக்குக் கீழே, அதே சாய்கோட்டுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில், இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை அடித்து வைத்திருந்தான்:

'அக்கா, இந்தக் குறிக்குள்ள எழுதறதை கம்பைலர் படிக்காது, முருகன் படிப்பார். பரீட்சையிலயும் இப்படியே போடுங்க. நானும் தினம் இப்படித்தான் போடறேன். எங்கப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.'