வெறும் வாளி

“இண்டைக்கும் வெறும் வாளியோ?”

கதவைத் திறந்த பரமேஸ்வரி சிரித்தாள். தேவராசா துடுப்பைச் சுவரில் சாத்திவிட்டு அசடு வழிந்தார். 2009 ஜூன் பாதி போயும் இதே கூத்துத்தான்.

“ஒண்டும் அம்பிடேல்லையப்பா.”

“பரவாயில்லை, கத்தரிக்காய்க் குழம்பு வைச்சிருக்கிறன். நீங்கள் கொண்டு வருவியள் எண்டு நான் கடையிலையும் மீன் வேண்டிறேல்லை.”

மறுநாள் மாலை, டென்மார்க்கின் பிரெடெரிசியாக் கடற்கரையில் செல்வரட்ணம் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தான். இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை, அவர் மீன்பிடிக்கப் போகும் கயாக் படகு அவனுடையது. கரையிலிருந்து ஐம்பது மீட்டரில், கடற்புல் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில்தான் தட்டைமீன் படுத்திருக்கும் என்று காட்டிக்கொடுத்தவனும் அவன்தான்.

“அண்ணை, நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். அவ்வளவு பெரிய மீனைக் கழட்டித் திரும்பத் தண்ணியிலை விடுறியள். உங்களுக்கென்ன விசரோ?”

தேவராசா மணலில் குந்திவிட்டார்.

“வீட்டிலை துடக்கு, தம்பி.”

“ஆர்?”

“மூத்தவன் நிர்மலன். விசா கிடைக்காமல் வன்னியிலையே நிண்டவன். சண்டை முடியிறதுக்கு முதல் நாள் ஷெல் விழுந்து… முகாமிலையிருந்து ஒரு பெடியன் என்ரை போனுக்கு எடுத்துச் சொன்னவன்.”

செல்வரட்ணம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அவளுக்கு ஏப்ரலிலைதான் நெஞ்சிலை ஒப்பரேசன். தாங்கமாட்டாள் எண்டு நான் சொல்லேல்லை. முப்பத்தொராம் நாள் வரைக்கும் வீட்டிலை மீன் காய்ச்சக்கூடாது. கடலுக்கு வராமல் விட்டால் ஏன் எண்டு கேப்பாள். கொண்டு போனால் காய்ச்சிப்போடுவாள். பெத்தவள் ஒண்டும் அறியாமல் அந்த மீனைத் தின்னலாமோ, தம்பி?”

அவர் வாய்விட்டு அழுதார். இத்தனை நாளும் கயாக்கில் இருந்துதான் அழுதிருந்தார். கரையில் அழுதது அன்றுதான்.

பிறகு வழக்கம்போலக் கடல் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, வெறும் வாளியோடு வீட்டுக்குப் போனார்.

“ஒண்டும் அம்பிடேல்லையப்பா.”

பரமேஸ்வரி இம்முறை சிரிக்கவில்லை. வாளியை வாங்கிக் குழாயடியில் வைத்து, மீனே படாத அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவர் பக்கம் திரும்பவேயில்லை.

“நாளைக்கு மீன் கொண்டு வாங்கோ,” என்றாள். “பிள்ளைக்கு இண்டையோடை முப்பத்தொண்டு முடியுது.”