மதாக்குக்கு ஏது சீட்டு?

கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோவின் ஆகஸ்ட் வெயில் ஆர்மீனியக் கோவில் கூடத்துச் சன்னல் வழியே சாய்ந்து, அண்டாவிலிருந்து எழும் ஆவியைப் பொன்னாக்குகிறது. ஆவிக்குப் பின்னால் யெரெட்ஸ்கின் சிரார்பி நிற்கிறார். பாதிரியாரின் மனைவிக்கு உரிய பட்டம் அது; வசந்தத்தில் கணவரைப் புதைத்த பிறகும் ஊருக்கு யெரெட்ஸ்கின்தான். நாற்பத்தோரு வருடமாக மாதா திருநாளன்று, நேர்ந்து வெட்டிய ஆட்டில் சமைத்து எல்லோருக்கும் இலவசமாகப் பகிரும் மதாக்கை இந்தக் கைதான் பரிமாறுகிறது. எதிரே காலித் தட்டோடு ஒரு திராட்சைத் தோட்டத் தொழிலாளி, இரண்டு மகள்களோடு வரிசையை விட்டு விலகி நிற்கிறார். சபைத் தலைவர் பார்கெவின் விரல்களில் காசுக்கு விற்கும் சாப்பாட்டுச் சீட்டுகள் படபடக்கின்றன.

"யெரெட்ஸ்கின், சீட்டு இல்லாதவங்களுக்குப் போடாதீங்க. சபை முடிவு. நீங்க போய் உக்காருங்க, உங்களுக்குப் பூங்கொத்து வெச்சிருக்கோம்."

"பூவை நீயே வெச்சுக்க. கடவுளுக்குக் கொடுத்த ஆட்டை விக்கிறதுக்கு நாம என்ன ஓட்டலா நடத்தறோம்?"

"கோவில் கூரை ஒழுகுதே!"

"ஒழுகட்டும். உன் ஞானஸ்நானத்துல நீ போட்ட கூச்சலுக்கே விழாத கூரைடா அது!"

வரிசை முழுக்கச் சிரிப்பு உருள்கிறது. சிரார்பியின் கரண்டி அண்டாவின் அடிவரை போய், எலும்போடு கறியும் கோதுமைக் குறுணையுமாக ஏறி வருகிறது. தொழிலாளியின் தட்டு நிறைகிறது. மகள்களின் தட்டுகளும். வரிசையில் ஒருவர் தன் சீட்டைக் கசக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார். பின்னால் நிற்பவரும் அப்படியே. பார்கெவ் வாய் திறக்குமுன் ஆவி பறக்கும் தட்டொன்று அவர் கைக்கு வருகிறது.

"சாப்பிடு. உங்கிட்டயும் சீட்டு கேக்கலை."