மொட்டைக்கழுத்துக் குஞ்சுகள்

பதினோரு முட்டையில் ஒன்பது பொரிந்திருந்தன. அவற்றில் இரண்டுக்குக் கழுத்தில் மயிரே இல்லை.

அத்தை இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு சேவலைப் பார்த்தாள்.

சேவல் கழுத்து நிறையச் செந்நிற மயிரோடு தவிட்டுச் சட்டியை மிதித்துக்கொண்டு நின்றது. அதற்கென்ன கவலை.

எட்டு மாத வயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்து மருமகள் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுத்தமான பெருவிடை என்று சந்தையில் சத்தியம் செய்து விற்ற சேவல் அது. அவள் கணவன் அதைப் படம் பிடித்துக் கோழி வளர்ப்போர் குழுவில் போட்டு, என்ன இனம் என்று கேட்டான்.

பெருவிடையேதான் என்றார் ஒருவர். சிறுவிடை கலந்தது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கிரிராஜாவாக இருக்கும் என்று சொல்லி, கால் தெரிகிற மாதிரி ஒரு படம் கேட்டார். காலைப் படமெடுப்பதற்குள் இவன் கையில் இரண்டு கீறல். படம் போனதும் மூன்று பேரும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

குழப்பத்தைத் தீர்த்து வைத்தது பக்கத்து வீட்டுத் துளசிமணிதான்.

"ஏனக்கா, இந்த ரெண்டும் எங்கூட்டு மொட்டைக்கழுத்துச் சேவலுக்குப் பொறந்ததுங்க. கழுத்தப் பாத்தாத் தெரியலீங்களா?"

உண்மைதான். அத்தையிடம் எட்டு முட்டைதான் தேறியது. இரட்டைப்படையில் அடை வைத்தால் ஆகாது என்று துளசிமணியிடம் மூன்று வாங்கி வைத்திருந்தாள்.

"எங்க கொண்டு போயி வெச்சுப் பொரிச்சாலும் ஜாடை மாறுமாக்கா? ரெண்டையும் குடுங்க, கொண்டு போறேன்."

மருமகளின் கை தன் வயிற்றின் மேல் போனது.

அவள் சுமப்பது அவளுடைய கருமுட்டையில் உண்டான பிள்ளை இல்லை.

ஒன்பது வருடம் ஏங்கி, நான்கு முறை தோற்று, கடைசியில் பெயர் தெரியாத யாரோ ஒரு பெண் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கும் கணவனுக்கும் மட்டுமே தெரியும். அத்தைக்குத் தெரிந்தால் பிள்ளையைத் தொடுவாளா என்கிற பயத்தில் அவள் பல நாள் தூங்கவில்லை.

கேட்டதைக் கொடுத்துப் பழகியவள் அத்தை. போன வாரம்தான் ஒரு பலாப்பழத்தை முழுசாகத் தூக்கித் துளசிமணியிடம் கொடுத்தாள். இரண்டு குஞ்சுதானே, கொடுத்துவிடுவாள் என்று மருமகள் நினைத்தாள்.

அத்தை குஞ்சுகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

"முட்டை வேணும்னா முட்டை தாரேன். மூணுக்கு ஆறா எடுத்துக்க. இருவத்தியொரு நாளு தீனி தண்ணி மறந்து கெடந்தது எங்கோழி. குஞ்சைக் கேக்காத."

"ரெண்டு குஞ்சுக்கா இந்தக் கோவம்?"

"ஆமா. ரெண்டுக்குத்தான்."

அத்தை மடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். ஒரு கோழிக்குஞ்சுக்கு யாராவது இப்படி மல்லுக்கு நிற்பார்களா?

மருமகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேற்று ராத்திரிகூட, பொறக்கறது உன்ற ஜாடையில இருந்தாப் போதும் கண்ணு என்று அத்தை சொன்னாளே. தெரிந்தவள் அப்படிச் சொல்வாளா? தெரியாதவள் இப்படிச் சண்டை போடுவாளா?

துளசிமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

அத்தை குஞ்சுகளைக் கோழியிடம் விட்டாள். கோழி இரண்டையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது.

கையைக் கழுவிவிட்டு மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள் அத்தை. முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் கட்டுச்சோத்து விருந்துக்கு, உனக்கு வளையல் போட ஊருப் பொம்பளைங்க எல்லாம் வருவாங்க கண்ணு. சேலை பாக்கறேன்னு பீரோவைத் தொறப்பாங்க."

"ம்."

"உன்ற ஆஸ்பத்திரி ஃபைல்ல, நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தமிழ்த் தாள் ஒண்ணு இருந்துச்சல்ல. அதை எடுத்து எம் பொட்டியில வெச்சுப் பூட்டிட்டேன். காணோம்னு தேடாத."

சொல்லிவிட்டு முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். நாளைக்கு நூறு பேருக்குச் சமையல்.